விருந்தாளி வராத வீடு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்தவர்கள், திருப்பதியில் வாடகைக்கு வீடு தேடிப் பார் என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்க மறந்துபோனார்கள். அவர்கள் காலத்தில் ஷேர் ஆட்டோவும் இல்லை, காலை ஆறு மணி ஷிப்டும் இல்லை. போகட்டும், மன்னித்துவிடலாம்.

தாட்சாயணிக்கு வயது நாற்பத்தொன்பது. நகரிக்காரி. கணவன் பச்சையப்பன் விசைத்தறியில் பாவு போடுகிறவன். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்கழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவில்லை. பிள்ளை குட்டி கிடையாது. தம்பி கோவர்த்தனன், "நம்ம வூட்லயே இருந்துக்கோக்கா" என்று கூட்டிக்கொண்டு போனான். நல்லவன்தான். ஆனால் நல்லவன் வீட்டிலும் சும்மா உட்கார்ந்து சாப்பிட்டால் சோறு தொண்டையில் நிற்கும். ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் துணி ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தாள். சலவையிலிருந்து வரும் போர்வை, தலையணை உறை, ஆபரேஷன் தியேட்டரின் பச்சைத் துணி எல்லாவற்றையும் கிழிசல் பார்த்து, மடித்து, அடுக்கி, கேட்கிற வார்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். தறிக்காரன் பெண்டாட்டிக்குத் துணியில் கிழிசல் கண்டுபிடிக்கச் சொல்லித்தரவா வேண்டும்!

ஆறு வருஷம் நகரிக்குப் பக்கத்து ஏகாம்பரக்குப்பம் ஸ்டேஷனில் காலை வண்டி ஏறித் திருப்பதியில் இறங்கினாள். சாயங்காலம் அதே வண்டியின் இன்னொரு நடையில் திரும்பினாள். பெண்கள் பெட்டியில் எள் போட்டால் எள் விழாது. ரேணிகுண்டா வெளியில் சிக்னலுக்கு நிற்க ஆரம்பித்தால், டிரைவர் இறங்கி வீட்டுக்குப் போய்விட்டாரோ என்று சந்தேகம் வரும். தினமும் மூன்று மணி நேரம் அந்த வண்டிக்குள் போனது. "என்னிக்கு இந்த ரயிலு சனியனை வுட்டு ஒழியப் போறேனோ" என்று தாட்சாயணி புலம்பாத நாளில்லை.

புலம்பலைக் கேட்க ஆறு பேர் இருந்தார்கள். புத்தூரில் ஏறுகிற செல்விதான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி. கல்லூரி ஒன்றில் அட்டெண்டர் வேலை; வாய் மட்டும் பிரின்சிபால் வாய். மற்ற ஐந்து பேரும் கடை, பேங்க், டைலரிங் என்று ஆளுக்கொரு வேலைக்குப் போகிறவர்கள். ஒருத்தி டப்பாவில் இன்னொருத்தி கை வைப்பாள். சாயங்காலம் ராத்திரி சமையலுக்கான காய் எல்லாம் வண்டியிலேயே நறுக்கியாகிவிடும். உட்கார இடம் பிடிக்கச் சண்டை, பிடித்த பிறகு ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து தூக்கம். யாராவது ஒரு நாள் வராவிட்டால் மறுநாள் விசாரணைக் கமிஷன் வைத்துவிடுவார்கள்.

போன சித்திரையில் ஆஸ்பத்திரியில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். துணி ஸ்டோருக்கு இனிமேல் காலை ஆறிலிருந்து இரண்டு வரை டூட்டி. முதல் வண்டி திருப்பதி வந்து சேரவே ஏழே முக்கால் ஆகும். ஒரு மாசத்துக்குள் ஊருக்குள் வீடு பார்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் வேலையை விட வேண்டும். வேலையை விட்டால் மறுபடியும் தம்பி வீட்டுச் சோறு. தாட்சாயணி வீடு தேடக் கிளம்பினாள்.

அவள் கணக்கு சின்னக் கணக்குதான். வாடகை ஐயாயிரத்து ஐந்நூறைத் தாண்டக் கூடாது. விடிவதற்கு முன்னால் தனியாக நடந்து போகாதபடி, வாசலில் ஏறினால் ஆஸ்பத்திரியில் இறக்கிவிடுகிற மாதிரி ஒரே ஷேர் ஆட்டோவாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்து ஒரே வீட்டில் அமைவது குதிரைக் கொம்பு என்று பத்து நாளில் தெரிந்துபோனது. மங்களத்தில் வாடகை மலிவு, ஆனால் இரண்டு ஆட்டோ மாற வேண்டும். கொர்லகுண்டாவில் ஒரு வீடு ரோட்டின் மேலேயே இருந்தது. அதில் ஜன்னலே கிடையாது. "ஜன்னல் இன்னாத்துக்கும்மா, ஃபேன் இருக்குதே" என்றாள் வீட்டுக்காரி. திருச்சானூர் ரோட்டில் ஒருவர், கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். தனி ஆள் என்றதும், "ஃபேமிலிக்குத்தான் இஸ்தாமு, குடுப்போம்" என்று கேட்டைச் சாத்தினார். ஒத்தைப் பெண்பிள்ளையை அவர் குடும்பக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

பதினாலாவது வீடு கோபிகிருஷ்ணனுடையது. லீலாமகால் சர்க்கிளைத் தாண்டி, ரோட்டிலிருந்து நான்காவது வாசல். மாடியில் ஒரு ரூம், ஒரு சமையலறை, தனிக் குளியலறை. ஜன்னலைத் திறந்தால் மலை முழுசாகத் தெரிந்தது. கீழே ஆட்டோக்காரன் "அலிபிரி, அலிபிரி" என்று கூவுவதும் கேட்டது. அலிபிரி ஆட்டோ ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் போகும். தாட்சாயணிக்குக் கால் அங்கேயே நின்றுவிட்டது. ஆனால் வாடகை ஆறாயிரம்.

கோபிகிருஷ்ணன் மெட்ராஸில் இரும்புக் கடையில் பத்து வருஷம் இருந்துவிட்டு வந்தவர். தமிழ் நன்றாகப் பேசினார், கோபம் வந்தால் மட்டும் தெலுங்குக்குப் போனார். தனி ஆள் என்றதற்கு அவர் முகம் சுளிக்கவில்லை. அவர் வயிற்றெரிச்சல் வேறு.

"பந்துவுலு வருவாங்களாம்மா?" என்றார்.

"சொந்தக்காரங்களா சார்?"

"அவங்கதான். உனக்குத் தெரியாது, திருப்பதியில வீடு இருந்தா ஒலகம் பூரா சொந்தக்காரன். முந்தி இருந்தவன் மதனப்பள்ளி. நல்ல பையன்தான். ஆனா ஏகாதசிக்குப் பதினோரு பேரு வந்து எறங்கினாங்க. அத்தனை மொட்டையும் இந்த ஒரு பாத்ரூம்ல. டேங்க் காலி. படியெல்லாம் சந்தனம். எவருரா வீள்ளு, யாருடா இவங்கன்னு கேட்டா, அத்தையோட மாமனார் வழியாம்! மூணு நாள் நான் கீழ தண்ணியில்லாம கெடந்தேன். அன்னிக்கு வெங்கடேஸ்வர சாமி மேலேயே எனக்குக் கோபம் வந்துடுச்சு."

தாட்சாயணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"எனக்கு வர்றதுக்கு யாரும் இல்ல சார்" என்றாள்.

"ஒருத்தர் கூடவா?"

"வீட்டுக்காரரு இல்ல. புள்ளைங்க இல்ல. தம்பி ஒருத்தன், அவன் தறியை வுட்டு நகர மாட்டான். வேற யாரும் இல்ல."

கோபிகிருஷ்ணன் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். இப்படி ஒரு குடித்தனக்காரி கிடைக்க என்ன தவம் செய்தோமோ என்கிற பார்வை. பேரம் பேசாமலேயே, "அஞ்சாயிரத்து ஐந்நூறு குடும்மா. ஆனா ஒண்ணு. ஆளு வந்தா அந்த மாசமே காலி பண்ணணும்" என்றார்.

தாட்சாயணி அங்கேயே முன்பணம் கொடுத்தாள். நினைத்த வாடகை, நினைத்த ஆட்டோ. சந்தோஷத்தில் சர்க்கிள் வரை ஓடாத குறையாக வந்தாள். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், தனக்கு யாரும் இல்லை என்பதை இதுவரை வாய்விட்டு ஒருவரிடமும் சொன்னதில்லை என்பது உறைத்தது. பொய்யொன்றும் சொல்லவில்லையே என்று தேற்றிக்கொண்டாள். யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் நம் பக்கத்தில் ரத்த உறவைத்தானே எண்ணுவோம்? அவளும் அப்படித்தான் எண்ணினாள். தம்பியைத் தவிர விரல் மடக்க ஆள் இல்லை.

வைகாசியில் குடிவந்தாள். முதல் இரண்டு வாரம் சொர்க்கம். ஐந்தரைக்கு ஆட்டோ, ஐந்தே முக்காலுக்கு ஆஸ்பத்திரி. இரண்டு மணிக்கு டூட்டி முடிந்தால் இரண்டேகாலுக்கு வீடு. காலை நீட்டிப் படுத்தாள், பகலில் தூங்கினாள், மலையைப் பார்த்துக்கொண்டு காபி குடித்தாள். மூன்றாவது வாரத்திலிருந்து ஒரு சங்கடம் ஆரம்பித்தது. ரயிலில் போய்க்கொண்டிருந்த அந்த மூன்று மணி நேரத்தைப் போட்டு வைக்க வீட்டில் இடமில்லை. ஒரு ஆளுக்குச் சமைக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு புடவை துவைக்க எவ்வளவு நேரம் ஆகும்? மணி நாலாகும். நாலிலிருந்து ஒன்பது வரை வீடு அவளைப் பார்க்கும், அவள் வீட்டைப் பார்ப்பாள். குக்கர் விசில் அடித்தால், "தோ வர்றேன், இரு" என்று பதில் சொல்லும் பழக்கம் வந்துவிட்டது.

ஒரு நாள் சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போய்ப் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு நின்றாள். ஆறு பேரும் ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். பத்து நிமிஷத்தில் வண்டி கிளம்பிவிட்டது. இரண்டு நாள் கழித்து மறுபடியும் போனாள். மூன்றாவது தரம் செல்வி, "நீ வேற ஏன்க்கா அலைஞ்சிகினு கெடக்கே? இத்தினி வருஷம் அலைஞ்சது போதாதா? வூட்டுக்குப் போய் நிம்மதியாப் படு" என்றாள். பாசமாகத்தான் சொன்னாள். தாட்சாயணிக்குத்தான் வெட்கமாகிவிட்டது. அதற்குப் பிறகு போகவில்லை.

ஆவணி கடைசியில் செல்வி போன் செய்தாள்.

"அக்கா, புரட்டாசி மூணாஞ் சனிக்கு நாங்க ஆறு பேரும் மலைக்குப் போறோம். எங்க வூட்டுக்காரரு ஆபரேஷனுக்கு மொட்டை வேண்டிக்கினேன் இல்ல, அதையும் முடிச்சிடலாம்னு. வெள்ளிக்கெழம வேலை வுட்டதும் நேரா உன் வூட்டுக்கு வந்துடறோம். படுத்துகினு, விடியக் காத்தால குளிச்சிட்டு அலிபிரி படி ஏறிடுவோம். எடம் பத்துமா?"

"பத்தாம இன்னா? காலை மடக்கினு படுத்தா எட்டுப் பேரு படுக்கலாம். வாங்கடி" என்று தாட்சாயணியின் வாய் சொல்லிவிட்டது. போனை வைத்த பிறகுதான் கோபிகிருஷ்ணன் ஞாபகம் வந்தார்.

ஆனாலும் ஒரு வாரம் அவள் தரையில் நடக்கவில்லை. இரண்டு பாய் வாங்கினாள், இன்னொரு பக்கெட் வாங்கினாள். செல்விக்கு வெங்காயம் போடாத உப்புமா, மற்றவர்களுக்கு என்ன என்று யோசித்து, புரட்டாசியில் எல்லோருக்குமே வெங்காயம் கிடையாது என்று ஞாபகம் வந்து தனியாகச் சிரித்தாள். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும். ஒரே ஒரு ராத்திரி. தண்ணீரை அளந்து செலவழிக்கலாம். மனுஷன்தானே, மாட்டேன் என்றா சொல்லிவிடுவார்? இரண்டு தரம் படி இறங்கி, பாதியிலேயே திரும்பினாள். மூன்றாவது தரம் துணிந்து கீழே வந்தாள்.

கோபிகிருஷ்ணன் பக்கத்துப் போர்ஷனைப் பார்க்க வந்த ஒரு குடும்பத்திடம் பேசிக்கொண்டிருந்தார். தாட்சாயணியைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"தோ, இந்தம்மாவைக் கேளுங்க. நாலு மாசம் ஆச்சு. ஒரு பந்துவு உண்டா? வாசல்ல இன்னொரு ஜோடி செருப்பு உண்டா? குடித்தனம்னா இப்படி இருக்கணும். அதுக்காகத்தான் வாடகையில ஐந்நூறு தள்ளிக் குடுத்தேன்."

வந்தவர்கள் தாட்சாயணியைப் பார்த்தார்கள். அந்த அம்மாள் மட்டும் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தாள்.

"ஏதோ கேக்க வந்தீங்களேம்மா?" என்றார் கோபிகிருஷ்ணன்.

"தண்ணி எப்ப வுடுவீங்கன்னு கேக்க வந்தேன் சார்."

அன்று சாயங்காலமே செல்விக்குப் போன் போட்டாள். "செல்வி, சனிக்கெழம எனக்கு டூட்டி போட்டுட்டாங்க. வெள்ளிக்கெழமயும் லேட்டாவும் போலக்குது. வூடு பூட்டித்தான் கெடக்கும். இன்னா பண்றது?" என்றாள். செல்வி, "அதுக்கு நீ இன்னாக்கா பண்ணுவே. நாங்க எங்கனா சத்திரத்துல பாத்துக்கறோம்" என்றாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வீட்டுக்காரன் விடமாட்டான் என்கிற ஒற்றை வாக்கியம். வீடு போய்விடுமே என்கிற பயத்தைவிட, வீட்டுக்காரனுக்குப் பயந்து கிடக்கிறாள் என்று அவர்கள் நினைத்துவிடுவார்களே என்கிற ரோஷம் குறுக்கே வந்தது. ரோஷத்துக்கு நேரம் காலம் தெரிவதில்லை.

உண்மையில் அந்தச் சனிக்கிழமை அவளுக்கு வார லீவு. வெளியே போனால் யார் கண்ணிலாவது பட்டுவிடுவோம் என்று கதவைச் சாத்திக்கொண்டு நாள் முழுக்க உள்ளே இருந்தாள். ஜன்னலுக்கு வெளியே மலை இருந்தது. இந்நேரம் மலைப்படியில் காளி கோபுரம் தாண்டியிருப்பார்கள், இந்நேரம் வரிசையில் நிற்பார்கள் என்று எண்ணிக்கொண்டே இருந்தாள். புதுப் பாய்கள் இரண்டும் சுருட்டியபடியே மூலையில் கிடந்தன.

திங்கட்கிழமை காலையில் ஸ்டோரில் கூட வேலை செய்கிற லட்சுமம்மா ஒரு பொட்டலத்தை மேசை மேல் வைத்தாள்.

"உன் ஆளுங்க வெள்ளிக்கெழம ராத்திரியே மலை ஏறி சாமி பாத்துட்டு, சனிக்கெழம மத்தியானம் வந்தாங்க. ஆறு பேரு. நீ டூட்டியில இருப்பேன்னு பிரசாதம் எடுத்துகினு வந்தாங்களாம். நீ லீவுன்னு சொன்னேன். மொட்டை அடிச்ச அம்மா மூணு தரம் கேட்டுச்சு, நெஜமாவே லீவான்னு. லட்டுவைக் குடுத்துட்டுப் போயிடுச்சு. ஏன், சொல்லிட்டு வரலியா?"

தாட்சாயணி பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. ஏற்கெனவே அடுக்கியிருந்த போர்வைகளை மறுபடி அடுக்கினாள். நாலாவது வார்டுக்குத் தியேட்டரின் பச்சைத் துணியைக் கொடுத்தனுப்பி, திட்டு வாங்கினாள். அன்று செல்விக்கு நாலு தரம் போன் செய்தாள், அடித்து ஓய்ந்தது. செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான்.

புதன்கிழமை சாயங்காலம் ஏகாம்பரக்குப்பத்துக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு அந்த வண்டியில் ஏறினாள்.

ஆறு பேரும் அதே இடத்தில்தான் இருந்தார்கள். செல்வி மொட்டைத் தலையில் பழைய பூந்துவாலையைக் கட்டியிருந்தாள். தாட்சாயணியைக் கண்டதும் யாரும் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஒருத்தி எழுந்து ஜன்னலோர இடத்தைக் கொடுத்தாள். ஆறு வருஷத்தில் அந்தப் பெட்டியில் சண்டை போடாமல் அவளுக்கு ஜன்னலோரம் கிடைத்ததே இல்லை. டீக்காரன் வந்தபோது இன்னொருத்தி முந்திக்கொண்டு அவளுக்கும் வாங்கினாள். வழக்கம்போல முறத்தில் அவரைக்காய் வந்தது. தாட்சாயணி கை நீட்டினாள். "வேணாம்க்கா, நீ உக்காரு, நாங்க பாத்துக்கறோம்" என்று முறத்தை நகர்த்திக்கொண்டார்கள். தன்னை விருந்தாளியாக்கிவிட்டார்கள் என்று அவளுக்கு அப்போது புரிந்தது.

பூடி ஸ்டேஷன் தாண்டும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வீட்டுக்காரர் போட்ட நிபந்தனை, அந்தப் பதினோரு மொட்டைகள், ஆள் வந்தால் காலி பண்ண வேண்டும் என்றது, தனக்கு வர்றதுக்கு யாரும் இல்லை என்று சொல்லி வீட்டைப் பிடித்தது, கேட்கப் போய்க் கேட்காமல் வந்தது எல்லாம். உண்மையைச் சொல்லிவிட்டால் சரியாகிவிடும் என்றுதான் நம்பி வந்திருந்தாள். மற்றவர்கள் முகம் கொஞ்சம் இளகவும் செய்தது. ஒருத்தி, "வாடகை வூட்டுத் தொல்லை அப்பிடித்தான்" என்றாள்.

செல்வி மட்டும் அவரைக்காயை நறுக்குவதை நிறுத்தினாள்.

"டூட்டின்னு பொய் சொன்னே. அது போவட்டும். வூட்டுக்காரன் வுட மாட்டான்னு சொல்லியிருந்தா நாங்களே வேணாம்னு இருப்போம். அது இல்லக்கா எனக்கு." துவாலையை இழுத்து விட்டுக்கொண்டாள். "யாரும் இல்லைன்னு அந்தாளுகிட்ட சொன்னியே. ஆறு வருஷம் ஒரே டப்பாவுல துன்னு, ஒருத்தி மேல ஒருத்தி தூங்கி வந்துகினு இருந்தோம். உன் ஜொரத்துக்கு நான் லீவு போட்டு உக்காந்தேன். அப்பிடிச் சொல்றப்போ எங்கள்ல ஒரு மூஞ்சி கூடவா உனக்கு ஞாபகம் வரல?"

வந்தது, சொல்ல வேண்டாம் என்று இருந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். செல்வி அதை நம்பியும் இருப்பாள். ஆனால் இன்னொரு பொய் சொல்லத் தாட்சாயணிக்குத் தெம்பில்லை.

"வரல செல்வி" என்றாள்.

செல்வி தலையை ஆட்டினாள். மறுபடியும் அவரைக்காயை எடுத்துக்கொண்டாள். தடுக்கு ஸ்டேஷன் வந்தது, போனது. யாரோ ஒருத்தி வேறு பேச்சு எடுத்தாள், அது நீளவில்லை. புத்தூரில் இறங்கும்போது செல்வி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "பொழுதோட வூடு போய்ச் சேருக்கா" என்றாள். குரலில் கோபம் இல்லை.

தாட்சாயணி ஏகாம்பரக்குப்பத்தில் இறங்கினாள். தம்பி வீட்டுக்குப் போகவில்லை. காலையில் ஆறு மணி டூட்டி. பாலம் ஏறி எதிர்ப் பிளாட்பாரத்துக்குப் போய், திருப்பதிக்குத் திரும்புகிற வண்டிக்குக் காத்திருந்து ஏறினாள்.

அந்த நேரத்தில் திருப்பதிப் பக்கம் யார் போகப்போகிறார்கள்? பெண்கள் பெட்டியில் ஒரு ஆள் கிடையாது. விளக்குகள் எரிந்தன, எல்லா ஃபேனும் ஓடின. எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், காலை நீட்டிப் படுக்கலாம். தாட்சாயணி உட்காரவில்லை. திருப்பதி வரைக்கும் கதவோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நிற்க இடம் இல்லாதவள்போல நின்றுகொண்டே போனாள்.